மூன்றாவது பரிசுத்தர்

திருவிருந்துப் பாட்டின் முதல் ‘பரிசுத்தர்’ பாடும்போது ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதை எலிம்விளைச் சபையார் இழுத்துத்தான் பாடுவார்கள், முடிக்க மனசே வராது, கீபோர்டுக்காரர் விரலை எடுத்த பிறகும் நாலு பேர் இழுத்துக்கொண்டிருப்பார்கள், அந்த இழுப்பின் நடுவில்தான் அடிவயிற்றில் அந்தப் பழகின பிடி, அதன் பின்னாலேயே அந்தச் சூடு. இல்லை. இருக்காது. வியர்வையாக இருக்கும். சித்திரை மாத வெயில், ஆல்டர் மேடைக்கு மேலே மின்விசிறி கிடையாது, மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று, அங்கிக்குள் சேலை, சேலைக்குள் பாவாடை, வியர்க்காமல் என்ன செய்யும். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு வியர்வைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதாக்கும். தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. எலிம்விளைக் கோயில் கட்டிய நாளிலிருந்து இந்த ஆல்டரில் நிற்கிற முதல் பெண் குருவானவர், ரெவரெண்ட் ஹெப்சிபா இன்பராஜ், திருவிருந்து ஆராதனையின் நட்டநடுவில், வெள்ளை அங்கியில், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குத் தீட்டு வந்துவிட்டது. அந்த வார்த்தையைப் பார். தீட்டு. இறையியல் கல்லூரியில் அந்த வார்த்தையைக் கிழிகிழி என்று கிழித்து ஒரு கட்டுரையே எழுதினேன், பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார், இப்போது பார்த்தால் மனசுக்குள் முதலில் ஓடிவந்து நிற்பது அந்தக் கட்டுரை இல்லை, அந்த வார்த்தைதான்.

பின்னால் எல்லாரும் முழங்காலில் நிற்கிற சத்தம், பெஞ்சு நகர்கிற சத்தம், யாரோ ஒரு பெரியவர் ‘ஆண்டவரே’ என்று மூட்டு வலியோடு இறங்குகிறார். இனி நான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும். புத்தகம் திறந்திருக்கிறது, எழுத்தெல்லாம் தெரிகிறது, வாய் திறக்கவில்லை. நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரை ஏமாற்றிவிட்டது. மாத்திரையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அது பாவம், இத்தனை மாதம் நான் சொன்னபடியெல்லாம் கேட்டது. எங்கள் சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. இந்த மாதம் பக்கத்துச் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை, ஊரே வேன் பிடித்துப் போய்விட்டது, திருவிருந்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினார்கள். நானும் மாத்திரையை ஒரு வாரம் இழுத்தேன். இழுக்காதீங்க மேடம், உடம்பு அது பாட்டுக்கு உடைச்சுக்கிட்டு வந்துரும் என்று மருந்துக்கடைப் பெண் அப்போதே சொன்னாள். என் கணவர் இன்பராஜ் கூடக் கேட்டார், யாருக்காக இத முழுங்குத, ஆண்டவருக்கா என்று. நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன். அவருக்கென்ன, மின்வாரியத்தில் வேலை, கம்பத்தில் ஏறுகிறவர்களை யாரும் இதெல்லாம் கேட்பதில்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கின அன்றைக்கு வாசலில் நின்ற சபையார் என்னைத் தாண்டிப் போய் அவர் கழுத்தில் மாலை போட்டார்கள். ஐயரம்மா என்றால் ஐயருடைய, அதாவது குருவானவருடைய, மனைவி என்றுதானே இதுவரை அர்த்தம். பாவம் மனுஷன், மாலையோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இங்கே இத்தனை மாதம் ஓட்டினேன்.

யாருக்காக. அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டாவது பெஞ்சில் இருக்கிறது. லில்லி டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, வெள்ளை வாயில் சேலை, கஞ்சி மொடமொடப்பு. நான் வந்த முதல் வாரம், அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார், நான் உள்ளே இருப்பது தெரியாமல்தான் சொன்னார் என்று நான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். “பிரசங்கம் பண்ணட்டும், நான் வேண்டாங்கல. ஆல்டர்ல ஏறுததுதான் யோசனையா இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம எப்படியும் இடிக்கும்லா?” இடிக்கும்லா. அதில் கோபம் கூட இல்லை, பள்ளிக்கூட டைம்டேபிள் போடுகிற குரல். அடுத்த திங்கள்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். இடிக்காமல் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கு இடித்துவிட்டது. வெஸ்ட்ரிக் கதவு இடது பக்கம் கை நீட்டினால் தொடுகிற தூரம், உள்ளே என் பை, பைக்குள் தேவையானதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஆராதனையின் இந்த இடத்தில் குருவானவர் இறங்கிப் போனதை யாராவது பார்த்திருக்கிறார்களா. வலது பக்கம் வேதமாணிக்கம் ஐயா நிற்கிறார், ஓய்வுபெற்ற குருவானவர், இந்த ஊர் மருமகன், சபையாருக்குக் கிண்ணம் கொடுக்க எனக்குத் துணையாக வருகிறவர். நல்ல மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலை சுற்றுகிறது ஐயா. பொய்யும் இல்லை, சுற்றத்தான் செய்கிறது.

பரிசுத்தர் என்று ஒரு தடவை சொன்னால் போதாதா. ஏசாயா தீர்க்கதரிசி தரிசனத்தில் பார்த்த அந்தச் சிறகுள்ள சேராபீன்கள் ஏன் அந்த ஒரு வார்த்தையிலேயே சிக்கிக்கொண்டன, அன்பானவர் என்று சொல்லலாம், வல்லவர் என்று சொல்லலாம், எத்தனையோ இருக்கிறது, அதைத் தாண்டி அடுத்த வார்த்தைக்கு அவற்றால் போகவே முடியவில்லை. ஆறு செட்டை, இரண்டால் முகத்தை மூடிக்கொண்டு, இரண்டால் காலை மூடிக்கொண்டு. பறக்கிறதற்கு இரண்டு போதும், மறைக்கிறதற்கு நாலு வேண்டியிருந்திருக்கிறது. கோயில் நிலை அசைந்தது, புகை நிறைந்தது, அந்த மனுஷன் ஐயோ என்று அலறினார், என் உதடு அசுத்தமான உதடு என்றார். உதடு. கொடுத்து வைத்தவர், உதட்டைத்தான் சொன்னார், குறட்டால் தழலை எடுத்துவந்து உதட்டைத் தொட்டார்கள், தீர்ந்தது. அந்த இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தால் எதைச் சொல்லியிருப்பாள். ஊசா எதையும் சொல்லவில்லை, அவனுக்குச் சொல்ல நேரமே கொடுக்கவில்லை. வண்டி மாடு மிரண்டது, ஆண்டவருடைய உடன்படிக்கைப் பெட்டி சாய்ந்தது, பிடிக்கக் கையை நீட்டினான், அங்கேயே விழுந்து செத்தான். ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்த அன்று மத்தியானம் யாருமில்லாத கோயிலுக்குள் போனேன், எட்டு வயது, கிராதியைத் தாண்டி ஆல்டர் துணியின் நுனியை ஒரே ஒரு விரலால் தொட்டேன். செத்துப்போவேன் என்று நிச்சயமாக நம்பினேன். சாகவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் அங்கே ஒருவர் இருந்தார். அது மட்டும் நிச்சயம். வௌவால் நாற்றம், மெழுகு நாற்றம், ஜன்னல் கண்ணாடியில் வெயில், அதற்கு நடுவில் ஒருவர், சும்மா இருந்தார், என்னைப் பார்த்தார். என் ரோமமெல்லாம் நின்றது. அவருக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை. அந்தப் பயம் எனக்கு வேண்டும். எல்லாம் சரிதான், கடவுள் நம்ம சேக்காளி மாதிரி என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சேக்காளிக்கு முன்னால் யார் அங்கி போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அப்படியானால் இறங்கிப் போக வேண்டியதுதானே. பரிசுத்தம் அவ்வளவு பெரிது என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று சொன்னவர் அவர் என்றால், லேவியராகமம் அவர் வாயிலிருந்து வந்தது என்றால், போ. வெஸ்ட்ரிக்குப் போ. தீட்டைப் பற்றின அதன் பதினைந்தாம் அதிகாரத்துக்கு நான் எழுதின பதில் என்ன, அந்தச் சட்டமெல்லாம் எதைத் தொட்டாலும் தீட்டு தொட்டவருக்கு ஒட்டும் என்கிறது, சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரம் நிற்காத அந்தப் பெரும்பாடுள்ள பெண் ஆண்டவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டபோது ஒட்டினது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், பரிசுத்தம்தான் அவளுக்குத் தொற்றியது என்று எழுதினேன். முழு மார்க்கு. முழு மார்க்கு வாங்கின பதில் இந்த உடம்புக்குத் தெரியவில்லை. தங்கபுஷ்பம் அக்காவுக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், நாற்பத்தொன்பது வயது, கடைசிப் பெஞ்சு, கதவோரம். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்னாலிருந்தே திருவிருந்துக்கு எழுந்து வருவதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே இருப்பாள். என்ன கோபமோ, யாரோடு சண்டையோ என்று விசாரிக்க வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் வைத்து, உலை கொதிக்கிற சத்தத்தில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல ஐயரம்மா. எனக்கு நிக்க மாட்டக்கு. மாசக்கணக்காப் போவுது. டாக்டரு கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லுதாரு. இதோட எப்படி மேசைக்கு வர?”

நான் பெரும்பாடுள்ள பெண்ணைச் சொன்னேன். அக்கா கேட்டாள், கேட்டுவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். “அவ தொட்டவுடனே அவளுக்கு நின்னுட்டுல்லா? எனக்கு நிக்கலியே,” என்றாள். கல்லூரியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அப்புறம் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள், “நீங்க அந்த நாளுல ஆல்டர்ல நின்னு நடத்துவீங்களா?” என்றாள். “அதுக்கென்ன,” என்றேன். அதுக்கென்ன. எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை. வீட்டுக்குத் திரும்பும்போது என் கைப்பைக்குள் மாத்திரை அட்டை இருந்தது. அக்காவும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன், அடுத்த திருவிருந்திலும் கதவோரத்திலேயே இருந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், ஊர்வலமாக உள்ளே வரும்போது பார்த்தேன், பச்சைக் கரை போட்ட சேலை. இப்போது முழங்காலில் நின்றுகொண்டு, இந்த ஐயரம்மா ஏன் ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பாளோ. எல்லாரும் யோசிப்பார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று. ஒருவர் இருமுகிறார். இன்னொருவர் இருமுகிறார். சபை பொறுமையிழந்தால் இருமும், அது எல்லாச் சபைக்கும் பொது.

“அம்மா,” என்றார் வேதமாணிக்கம் ஐயா, உதடு அசையாமல். “முடியலியா? நான் பாத்துக்கிடட்டுமா?” கேட்டே விட்டார். நான் கேட்காமலே கதவு திறந்துவிட்டது. ஐயாவின் முகத்தில் கனிவைத் தவிர ஒன்றுமில்லை, சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினால் போதும். ஏன் ஆட்டவில்லை என்றால், அந்த நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். பயம் பின்னால் இருந்தது. முழுக்க முழுக்க முதுகுப் பக்கம்தான். அங்கியின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, அங்கேதான் என் உயிர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. முன்னால், மேசையில், வெள்ளைத் துணி, தட்டு, கிண்ணம், ஜன்னல் வெயில் விழுந்த ஒரு கீற்று. முன்னால் இருப்பவர் என் எட்டு வயதில் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோமம் நின்றது, ஆமாம், அவர் பயங்கரமானவர்தான், அவர் முன்னால் நான் தூசிதான், ஆனால் அது இன்றைக்கு மட்டும் இல்லையே. போன மாதம் மாத்திரை போட்டுக்கொண்டு சுத்தபத்தமாக வந்து நின்றபோது நான் தூசி இல்லையா. அன்றைக்கு மட்டும் என்னத்தைக் கொண்டுவந்து வைத்தேன் இங்கே. அவருடைய பரிசுத்தத்துக்குப் பயந்தா மாத்திரை சாப்பிட்டேன். அவருக்குப் பயந்தவள் ஒருத்திகூட இத்தனை மாதம் இந்த அங்கிக்குள் இல்லை, இரண்டாவது பெஞ்சுக்குப் பயந்தவள்தான் இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “இல்ல ஐயா,” என்றேன். குரல் மைக்கில் விழுந்துவிட்டது, சபை என்ன நினைத்ததோ.

ஜெபத்தைத் தொடங்கினேன். அப்பத்தை எடுக்கும்வரை ஒன்றுமில்லை. கிண்ணத்தை எடுத்தபோதுதான் அந்த வாக்கியம் எதிரே வந்து நின்றது, ஒவ்வொரு மாதமும் மனப்பாடமாகச் சொல்கிற வாக்கியம், இது என்னுடைய இரத்தம் என்று ஆண்டவர் சொன்ன அந்த வாக்கியம். கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த கை நின்றுவிட்டது. இந்தக் கோயிலில் எவ்வளவு ரத்தம். பாட்டில் ரத்தம், பிரசங்கத்தில் ரத்தம், அங்கியை ரத்தத்தில் தோய்த்து வெளுத்தவர்கள் என்று சாவு வீட்டில் கூட வாசிக்கிறோம், எந்தச் சலவைக்காரரும் ஒப்புக்கொள்ளாத காரியம், யாருக்கும் அது கூச்சமாக இல்லை. சிந்தினது ஆணின் ரத்தம் என்றால் மீட்பு, தானாகக் கசிந்தது பெண்ணின் ரத்தம் என்றால் விலகிப் போ. அவரே சொன்னாரா அப்படி. அவரைக் கர்ப்பத்தில் சுமந்தவளுக்கும் மாதாமாதம் இதுதானே வந்திருக்கும், அந்த ரத்தத்தில்தானே அவர் பத்து மாதம் ஊறிக் கிடந்தார். பெரிய யோசனை ஒன்றுமில்லை இது, பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். சொன்னேன். வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். சொல்லும்போது காலோரம் ஒரு சூடு இறங்கினது. ஊசாவை நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன், முதுகுத்தண்டு சில்லிட்டது. கிண்ணத்தை ஒரு சொட்டு சிந்தாமல் மேசையில் வைத்தேன்.

அப்புறம் சபையைப் பார்த்துத் திரும்பினேன். திரும்பினதும் ஒன்று தோன்றியது, சிரிப்புக்கூட வந்தது, இப்போது என் முதுகைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கிராதியோரம் வரிசை வரிசையாக வந்து முழங்காலில் நின்றார்கள், தட்டைப் பிடித்தபடி ஒவ்வொரு கையிலும் அப்பத்துண்டை வைத்துக்கொண்டே போனேன், காய்ப்புக் கை, மருதாணிக் கை, சுண்டுவிரல் இல்லாத கை. லில்லி டீச்சர் வந்தார். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பிரம்படிக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ‘ஆமென்’ என்றார். அவரைப் பார்த்து ஏனோ எனக்குக் கோபமே வரவில்லை. இவரும் சின்ன வயதில் எத்தனை மாதம் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாரோ. யார் கேட்டிருப்பார்கள்.

வரிசை முடிந்தது. ஏறிவர முடியாத முதியவர்களுக்கு நாங்கள் இறங்கிப்போய்க் கொடுப்பது வழக்கம், அவர்கள் முதல் பெஞ்சிலேயே இருப்பார்கள், கொடுத்து முடித்ததும் ஐயா ஆல்டரைப் பார்த்துத் திரும்பினார். நான் திரும்பவில்லை. தட்டில் துண்டுகள் மிச்சம் இருந்தன. நடுப்பாதையில் நடந்தேன். வாங்கிவிட்டுப் போனவர்கள் முழங்காலில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் ஊரில் கண்ணை மூடுகிறவர்களில் பாதிப்பேர் பாதிக் கண்ணைத்தான் மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. பாடகர் குழுவின் பாட்டு ஒரு இடத்தில் தொய்ந்து மறுபடி எழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பெஞ்சு, கதவோரம், பச்சைக் கரை. அக்கா என் காலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள், பதறிக்கொண்டு தலையை ஆட்டினாள். “வேண்டாம் ஐயரம்மா. இன்னும் நிக்கல.”

குனிந்து அவள் காதோரம் சொன்னேன். “எனக்கும் வந்துட்டுக்கா. பரிசுத்தர் பாடும்போதே வந்துட்டு.”

அக்காவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. “அதோடயா நடத்துனீங்க?”

“ஆமா.”

“பயமா இல்லியா?”

“இருக்கு,” என்றேன். “தெரியுதாக்கா? பின்னால.”

“லேசாத் திரும்புங்க.” திரும்பினேன். அக்கா குனிந்து பார்த்தாள். “ஆமா. நல்லாவே தெரியுது.” முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள், இத்தனை மாதம் எழுந்திருக்காதவள், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “நீங்க நடங்க. நான் ஒட்டிக்கிட்டே பின்னால வாரேன். ஒருத்தரும் பாக்க முடியாது.”

நடந்தேன். இந்தக் கோயிலின் நடுப்பாதை இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவளுடைய மூச்சு, சேலை உரசுகிற சத்தம், அவளிடமிருந்து வருகிற சாம்பார்ப்பொடி வாசம். பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்குப் பின்னால் இன்னொருத்தி இப்படி நடந்து போயிருக்கிறோம், பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவள் கூட நடந்து வருவாள், கோயிலுக்குள் மட்டும் இது நடக்கும் என்று எனக்குத் தோன்றினதே இல்லை. பயம் முழுக்க முதுகுப் பக்கம் இருந்தது என்றேனே, அந்த இடத்தில் இப்போது தங்கபுஷ்பம் அக்கா இருந்தாள். இரண்டாவது பெஞ்சைத் தாண்டினோம். டீச்சர் கண்ணைத் திறந்திருந்தாரா மூடியிருந்தாரா, நான் பார்க்கவில்லை, பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. கிராதி வந்துவிட்டது. நான் உள்ளே ஏறினேன். அக்காவுக்கு வேலை முடிந்துவிட்டது, திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மேசையைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்ற வேதமாணிக்கம் ஐயாவைப் பார்த்தாள். மெதுவாக முழங்காலில் நின்றாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், கை இரண்டும் பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது.

“வாங்கலாமா ஐயரம்மா?” என்றாள்.

“அதுக்கென்ன,” என்றேன்.